'புதுசா ஏதாவது வந்ததா?' என்று கேட்பதை நிறுத்திய பிறகு

2008 ஜூலை 21. அந்த ஒரே நாளில், பல தளங்களின் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய ஃபிரெண்ட்ஃபீட் தளம், படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரிடம் 29 லட்சம் முறை விசாரித்தது. 45,754 பயனர்களில் யாராவது புதிய படம் ஏற்றியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஏற்றியிருக்கக்கூடியவர்கள் 6,721 பேர். ஆளுக்குச் சராசரியாக அறுபது தடவைக்கு மேல் கேட்டும், ஏழில் ஆறு பேரிடம் சொல்ல எதுவும் இல்லை. ஃபிளிக்கரில் பணியாற்றிய கெல்லன் எலியட்-மெக்ரியாவும், 'ராபிள்' என்று அறியப்பட்ட இவான் ஹென்ஷா-பிளாத்தும் ஆஸ்கான் என்ற திறமூல மென்பொருள் மாநாட்டில் முன்வைத்த கணக்கு இது.

அரட்டைக் குழுக்களுக்குச் செய்தியோடைகளிலிருந்து தகவல் கொண்டுவரும் பாட் ஒன்றைப் பராமரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சொந்த வீட்டுக் கணக்கைப் போலவே தெரியும். அப்படி ஒன்றைப் பராமரித்தவன் என்ற முறையில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சர்க்கரை வந்துவிட்டதா என்று ரேஷன் கடைக்கு நாள் முழுக்க நடப்பதுதான் போலிங். கால் மணிக்கு ஒருமுறை என்று வைத்தால் ஒரு ஓடைக்கு நாளொன்றுக்கு 96 கோரிக்கை. அப்படியும் செய்தி சராசரியாக ஏழரை நிமிடம் தாமதமாகத்தான் குழுவுக்கு வரும். நிமிடத்துக்கு ஒருமுறை என்று நெருக்கினால் தாமதம் குறையும், ஆனால் எதிர்முனையில் இருக்கும் சின்னத் தளங்கள் திணறும்.

ஃபிரெண்ட்ஃபீட் இதற்கு அதே ஆண்டிலேயே ஒரு வழி யோசித்தது. ஜிமெயிலை உருவாக்கியவரும் ஃபிரெண்ட்ஃபீட் நிறுவனர்களில் ஒருவருமான பால் புக்கைட், எந்தெந்த ஓடை மாறியது என்பதை ஒரே கோப்பில் பட்டியலிடும் முறையை முன்வைத்தார். ஆயிரக்கணக்கான ஓடைகளுக்குப் பதில் அந்த ஒரு கோப்பைப் பார்த்தால் போதும். சுமை குறைந்தாலும் கேட்பது மட்டும் நிற்கவில்லை. 2009இல் கூகுளில் இருந்த பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் பிரெட் ஸ்லாட்கினும் திசையையே மாற்றினார்கள். அவர்களின் பப்சப்ஹப்பப் நெறிமுறை பின்னர் வெப்சப் என்று பெயர் மாறி, 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது.

வேலை செய்யும் விதம் எளிது. ஹப் என்பது ஓடைக்கும் சந்தாதாரருக்கும் இடையில் நிற்கும் சர்வர். ஓடைக்குள்ளேயே 'என் ஹப் இது' என்று ஒரு வரி இருக்கும். பாட் அந்த ஹப்பிடம் தன் முகவரியைக் கொடுத்துச் சந்தா கேட்கும். கேட்டது உண்மையாகவே அந்த முகவரிக்காரர்தானா என்று பார்க்க, ஹப் ஒரு சவால் சரத்தை அனுப்பும். அதை அப்படியே திருப்பிச் சொன்னால் சந்தா உறுதி. அதன்பின் புதிய பதிவு வந்தவுடன் ஹப்பே பாட்டின் முகவரிக்குத் தள்ளிவிடும். பிளாகர் வலைப்பூக்களின் ஓடைகளிலும் யூடியூப் சேனல்களின் ஓடைகளிலும் இந்த வசதி உண்டு.

படிக்கும்போது ஒரு நாள் வேலை போலத் தெரியும். செயலில் இறங்கினால்தான் நுணுக்கங்கள் வரிசையாக வருகின்றன.

முதலில் சந்தாவின் ஆயுள். ஹப் தரும் சந்தாவுக்குக் காலக்கெடு உண்டு, அது முடிந்ததும் செய்தி நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. குழுவில் இருப்பவர்களும் 'இன்று ஒன்றும் வரவில்லை போல' என்றுதான் நினைப்பார்கள். கெடு முடிவதற்கு முன்பே புதுப்பிக்கும் வேலையை முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். இந்த மாற்றத்தில் இதைவிட முக்கியமான வரி வேறு இல்லை என்பது என் கருத்து.

அடுத்தது பதில் சொல்லும் வேகம். தகவல் வந்த நொடியே 'கிடைத்தது' என்று சொல்லிவிட்டு, உள்ளடக்கத்தை வரிசையில் போட்டுவிட வேண்டும். படத்தை இறக்குவது, சுருக்கம் எழுதுவது, குழுவுக்கு அனுப்புவது எல்லாம் பிறகு. பதில் தாமதமானால் அனுப்பியவர் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பலாம்; ஒரே செய்தி இரண்டு முறை குழுவில் விழும்.

இரட்டைச் செய்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய காணொளி வந்தால் மட்டுமல்ல, பழைய காணொளியின் தலைப்பையோ விவரத்தையோ திருத்தினாலும் யூடியூப் அறிவிப்பு அனுப்பும். எழுத்துப்பிழையைத் திருத்தியவருக்காக இருநூறு பேரின் கைபேசி ஒலிக்கக் கூடாது அல்லவா? ஒவ்வொரு பதிவின் அடையாளக் குறியையும் சேமித்து, ஏற்கெனவே அனுப்பியதா என்று பார்ப்பதுதான் தீர்வு. தலைப்பை வைத்து ஒப்பிட்டால் பயனில்லை, மாறுவதே அதுதான்.

பாட்டின் முகவரி இணையத்தில் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் அதற்குப் பொய்ச் செய்தி அனுப்பலாம். ஆகவே சந்தா கேட்கும்போதே ஒரு ரகசியச் சொல்லைக் கொடுத்து, வரும் ஒவ்வொரு தகவலின் கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். அரட்டைச் செயலியான டெலிகிராமும் தன் வெப்ஹூக்குகளுக்கு, அதாவது பாட்டுக்குத் தகவலைத் தள்ளிவிடும் முகவரிகளுக்கு, இதுபோல ஒரு ரகசிய டோக்கனை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அங்கே ஒரு கட்டுப்பாடும் உண்டு: வெப்ஹூக் அமைத்திருக்கும்வரை பழைய முறையில் கேட்டு வாங்க முடியாது. பாட் எடுத்துக்கொள்ளாத தகவல்களை டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை விழுந்த சர்வரைத் திங்கட்கிழமை எழுப்பினால், இடைப்பட்ட உரையாடலில் பெரும்பகுதி கிடைக்காது.

தள்ளிவிடும் முறையில் இப்படித் தகவல் தவறக்கூடும் என்பதால்தான் போலிங்கை முழுவதுமாகத் தூக்கி எறிவதை நான் ஆதரிப்பதில்லை. ஹப் இருக்கும் ஓடையையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெதுவாக எட்டிப் பார்ப்பது நல்லது, தவறிய ஒன்றிரண்டு அதில் சிக்கும். கேட்கும்போது கடைசியாக வாங்கிய ஈடேகை (உள்ளடக்கத்தின் பதிப்பைக் குறிக்கும் அடையாளத்தை) சேர்த்துக் கேட்டால், அதை ஆதரிக்கும் சர்வர் 'மாற்றமில்லை' என்று 304 என்ற எண்ணோடு முடித்துக்கொள்ளும். முழு ஓடையும் கம்பி வழியே வராது. ஹப் இல்லாத தளங்களுக்கு இந்த மரியாதையான போலிங்தான் இன்றும் ஒரே வழி.

அரட்டை மென்பொருள் எழுதுபவர்கள் அடுத்த முறை ஓர் ஓடையைச் சேர்க்கும்போது, கால் மணி என்றோ அரை மணி என்றோ இடைவெளியை முடிவு செய்யும் முன் அந்த ஓடையைத் திறந்து ஹப் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தமாகச் செய்தித்தளம் நடத்துபவர்கள் உங்கள் ஓடையில் அந்த வரியைச் சேருங்கள்.