பிள்ளைகளின் எழுத்துப்பிழை



விஜயதசமியன்று தட்டில் நெல் பரப்பிப் பிள்ளையின் விரல் பிடித்து 'அ' எழுதுவிக்கிறோம். மறுநாள் தட்டு பரணேறிவிடுகிறது. கல்லாவில் அமர்ந்து சிட்டை எழுதும்போது பிழை வந்தால், வாடிக்கையாளர் முன் தலைகுனிவு. ஆகவே, தட்டை எடுத்துக் கடைச் சொற்களையே எழுதப் பழக்குவோம். சாக்கில் வருவது வெல்லம், காவிரியில் வருவது வெள்ளம். நம்மில் பலரும் 'ழ'வை 'ள'வாகவே பேசுவதால் பிள்ளை 'கிளங்கு' என்றுதான் எழுதும். அதட்ட வேண்டாம், நுனிநாக்கு மடிந்து அண்ணத்தில் ஒட்டினால் 'ள', வருடினால் 'ழ' என்று சொல்லிக் காட்டுவோம்.

'ன, ண, ந' தகராறுக்கு எண்களே வாத்தியார். ஒன்று, மூன்று: 'ற'வுக்கு முன் 'ன'. இரண்டு: 'ட'வுக்கு முன் 'ண'. ஐந்து: 'த'வுக்கு முன் 'ந'. சுண்டல், உளுந்து எழுதிப் பார்க்கட்டும். 1978இல் அரசு மாற்றிய பழைய துதிக்கை 'லை' நமக்குக் கைவந்தது. அதை மட்டும் காட்ட வேண்டாம். தவறினால் தட்டைக் குலுக்கினால் போதும்.