சேராதவற்றை முதல் பக்கத்தில் எழுது

அன்புள்ள தம்பிக்கு,

தனியாக வீட்டு வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியதில் சந்தோஷம். நீ அனுப்பிய எஸ்டிமேட்டைப் பார்த்தேன். அளவுகளில் குறை இல்லை, கம்பிக் கணக்கும் சுத்தம். ஆனால் கடைசியில் கொட்டை எழுத்தில் ‘சதுர அடி 2,400 ரூபாய், 1,000 சதுர அடிக்கு 24 லட்சம்’ என்று போட்டிருக்கிறாயே, வீட்டுக்காரர் அதை மட்டும்தான் மனப்பாடம் செய்வார்.

அந்த 24 லட்சத்தில் சம்ப் இல்லை, செப்டிக் டேங்க் இல்லை. போர், காம்பவுண்டு, கேட், இ.பி. இணைப்பு, பிளான் அப்ரூவல், 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு என எதுவுமே இல்லை. இவையெல்லாம் ‘எக்ஸ்ட்ரா’ என்பது நமக்குத் தெரியும். ஆயுளில் ஒரே ஒரு வீடு கட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? 30க்கு 40 மனையைச் சுற்றி மதில் என்றால் 140 ரன்னிங் அடி. எட்டுக்கு ஆறு, ஆறடி ஆழம் சம்ப் என்றால் எட்டாயிரம் லிட்டருக்கு மேல் வரும். அதற்கு லிட்டர் கணக்கில் தனி பில் நீட்டும்போதுதான் மனிதர் உன்னைச் சந்தேகிக்க ஆரம்பிப்பார். ஆகவே சேராதவற்றை முதல் பக்கத்தில், உத்தேசத் தொகையோடு எழுது. மொத்தத்தைப் பார்த்துச் சிலர் வேறு ஆளிடம் போவார்கள். போகட்டும்.

மனை பார்க்கப் போனால் முதலில் தெருவைப் பார். ரோடு போடப் போட மட்டம் ஏறிக்கொண்டே போகும். பேஸ்மட்டத்தை இன்னும் ஓர் அடி உயர்த்து என்று வேலை நடுவில் சொன்னால், ஆயிரம் சதுர அடிக்குக் கிராவல் மட்டுமே பத்து யூனிட். திமிசு போட்டால் இறங்குவது தனி. கரிசல் பூமி என்றால் அஸ்திவாரச் செலவே வேறு. மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் ரேட் சொல்லாதே.

சிமென்ட் வரி 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதும், ‘ரேட்டைக் குறையுங்கள்’ என்று எனக்கு எத்தனை போன்! ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 400 மூட்டை போகும். மூட்டைக்கு 30 ரூபாய் குறைந்தாலும் மிச்சம் 12,000தான். டைல்ஸ் கடையில் என்ன நடக்கிறது பார். ஒப்பந்தத்தில் சதுர அடி 50 ரூபாய் டைல்ஸ் என்று இருக்கும். குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போவார்கள், 110 ரூபாய் டைல்ஸ் பிடித்துப்போகும். அறுபதாயிரம் அங்கேயே போயிற்று, வேஸ்டேஜும் ஸ்கர்ட்டிங்கும் கணக்கில் சேராமலே. பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் விலைவாசி இல்லை, தாமதமாக எடுத்த முடிவுகள். டைல்ஸ், கதவு மரம், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் எல்லாவற்றையும் வானம் தோண்டுவதற்கு முன்பே கடைக்கு அழைத்துப் போய்க் காட்டு. கட்டின சுவரை இடிக்கச் சொன்னால், செலவை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே கடப்பாரையைத் தொடு.

பணம் எவ்வளவு என்பதோடு எப்போது வரும் என்றும் கேள். பேங்க் லோன் கட்டம் கட்டமாகத்தான் வரும். ரூஃப் போட்டு முடித்தபின் ஆள் வந்து பார்த்து ரூஃபுக்கான பணத்தை விடுவிப்பார்கள். நீயோ கம்பி இறக்குவதற்கு முன்பே பணம் கேட்பாய். இந்த இடைவெளியில்தான் பாதி வீடுகள் லிண்டலோடு நிற்கின்றன. 30 லட்சம் வரையிலான கடனில்கூட மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. சொந்தக் கையிருப்பு எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்படாதே. நகையை அடகு வைக்கப்போகிறார்கள் என்றால் அதையும் தெரிந்துகொள்.

நிலை வைக்கும் நாள், கான்கிரீட் நாள், மேஸ்திரிக்கு வேட்டி துண்டு, ஆட்களுக்குச் சாப்பாடு, கடைசியில் கிரகப்பிரவேசம். எஞ்சினியரிங் காலேஜில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் வீட்டுக்காரருக்கு இதுவும் வீட்டுச் செலவுதான். ஒரு வரி ஒதுக்கு. இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்து சதவீதம் தனியே வைக்கச் சொல், அது எனக்கில்லை என்றும் சொல்லிவிடு.

அந்த எஸ்டிமேட்டை இன்னும் கொடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். திருத்தி எழுதி அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்