நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது

கேள்வி: ஐ.சி.யூ.வில் அப்பாவின் மானிட்டர் அலறியபோது, ஓடிவந்த நர்ஸ் முதலில் அவர் கழுத்தைத்தான் தொட்டுப் பார்த்தார். சிறுநீரையும் மணிக்கொரு தரம் அளக்கிறார்கள். எதற்காக?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார். மார்பில் ஒட்டிய லீட் கழன்றாலும் மானிட்டர் அலறும். அதனால்தான் கழுத்தில் நாடி பார்த்தார்; நாடி இல்லையென்றால்தான் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்தத் தொடங்குவார்கள். இதயம் ஒழுங்கின்றி நடுங்கினாலோ, நாடியே இல்லாமல் அதிவேகமாக ஓடினாலோதான் ஷாக். துடிப்பே நின்று மானிட்டரில் தெரியும் நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதெல்லாம் சினிமாவில்!

சிறுநீர்க் கணக்கிலும் இதயத்தின் பாதுகாப்பு இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்கும் கீழே தொடர்ந்து போனால், சிறுநீரகம் தளர்கிறதோ என்று சந்தேகிப்பார்கள். அது தளர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். மிகவும் ஏறினால் துடிப்பே தடம்புரளும். அடுத்த முறை அலாரம் அடித்தால், கட்டிலருகே நர்ஸுக்கு இடம் விட்டு விலகி நில்லுங்கள்.