தேதியை மாற்றினால் திருவிழா வராது

அக்டோபர் பிறந்தால் நாவலூரில் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று வடகிழக்குப் பருவமழை. இன்னொன்று, எங்கள் அடுக்குமாடியில் ஏழாவது எட்டாவது படிக்கும் பையன்கள் கூட்டமாக வந்து என் வீட்டு அழைப்பு மணியை அடிப்பது. கோரிக்கை ஒவ்வொரு வருடமும் ஒன்றேதான்: "அங்கிள், எங்க சர்வர்ல தேதியை மட்டும் அக்டோபர் முப்பத்தொண்ணுக்கு மாத்தி விடுங்க. ஹாலோவீன் ஈவென்ட் வந்துடும்." டிசம்பரில் அதே கூட்டம், அதே கோரிக்கை. தேதி மட்டும் இருபத்தைந்து.

பையன்கள் சொன்னால் போகிறது. போன வருடம், சிறுசேரி ஐடி பூங்காவில் நல்ல சம்பளம் வாங்கும் ஒரு அப்பாவும் லிஃப்டில் இதையே சொன்னார். அன்றைக்கு எழுத வேண்டும் என்று நினைத்தது இது.

விஷயம் புரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மைன்கிராஃப்ட், ஆர்க், ரஸ்ட் போன்ற விளையாட்டுகளை நண்பர்கள் சேர்ந்து விளையாட ஒரு சர்வர் வேண்டும். அதைப் பிள்ளைகள் மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் பெரிய கணினியில் அவர்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கப்படும். பண்டிகைக் காலத்தில் இந்த விளையாட்டுகளில் விசேஷங்கள் வரும். பூசணிக்காய்த் தலையோடு பேய்கள், பனி, பரிசுப் பெட்டிகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தினுசு. அதை வாடகைச் சர்வரில் வரவழைப்பது எப்படி என்பதில்தான் இத்தனை குழப்பமும்.

இந்தத் தேதிக் கதை வெறும் புளுகு என்றால் ஒரு வருடத்தில் செத்திருக்கும். இதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதனால்தான் சாகமாட்டேன் என்கிறது. மைன்கிராஃப்டில் டிசம்பர் 24 முதல் 26 வரை சாதாரணப் பெட்டிகள் பரிசுப் பொட்டலம்போல் தெரியும். ஆனால் அந்தக் கோலத்தைப் போடுவது விளையாடுபவரின் சொந்தக் கணினி. சர்வருக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எவனோ ஒரு பையன் ஜூலையில் தன் லேப்டாப் தேதியை மாற்றிவிட்டு விளையாட்டைத் திறந்து, பரிசுப் பெட்டியைப் பார்த்திருக்கிறான். "தேதியை மாத்தினேன், கிறிஸ்துமஸ் வந்துச்சு" என்று மறுநாள் பள்ளிப் பேருந்தில் சொல்லியிருக்கிறான். பேருந்து படூர் தாண்டுவதற்குள் அது "சர்வர் தேதியை மாத்தணும்" என்று திரிந்துவிட்டது. அவன் பார்த்தது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த கிறிஸ்துமஸ்.

ஹாலோவீன் அப்படியல்ல, அதைச் சர்வர்தான் தீர்மானிக்கிறது. அக்டோபர் 31 அன்று புதிதாகத் தோன்றும் ஸோம்பிகளிலும் எலும்புக்கூடுகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்று பூசணிக்காயைத் தலையில் மாட்டிக்கொண்டு வரும். அப்படியானால் சர்வர் தேதியை மாற்றலாமே என்பீர்கள். இருபது வருடமாகச் சர்வர் மேய்ப்பதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் வாடகைக்கு எடுத்திருப்பது ஒரு கணினியை அல்ல, கணினியில் ஓர் அறையை. பெரும்பாலும் அது கன்டெய்னர் என்று நாங்கள் சொல்லும் தடுப்புக்குள் இருக்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் உங்கள் மைன்கிராஃப்ட், அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய ரஸ்ட், அதற்கு அடுத்து இன்னும் இருபது பேர். அத்தனை பேருக்கும் சுவரில் தொங்குவது ஒரே கடிகாரம். 2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.6 பதிப்பில் காலத்தையும் தடுப்புத் தடுப்பாகப் பிரிக்கும் வசதி வந்தது உண்மை. ஆனால் கணினி எழுந்து எத்தனை நேரமாகிறது என்பது போன்ற கணக்குகளைத்தான் அது பிரிக்கும். இன்றைய தேதி என்ன என்ற கணக்கில் அது கை வைப்பதில்லை, வேண்டுமென்றே வைப்பதில்லை. உங்கள் ஒருவருக்காகத் தேதியை மாற்றினால் அந்தக் கணினியில் குடியிருக்கும் எல்லோருக்கும் மாறிவிடும். எந்த நிர்வாகி செய்வான்?

செய்ய ஆசைப்பட்டாலும் இந்தியாவில் அவன் கை கட்டப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. டேட்டா சென்டர்களும் சேவை நிறுவனங்களும் தங்கள் கடிகாரங்களை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போகும்படி வைத்திருக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும். பூசணிக்காய்க்காக நாட்டின் நேரத்தோடு ஒருவர் முரண்டுபிடிக்க முடியாது.

சொந்தமாக ஒரு முழு இயந்திரத்தையே எடுத்து, பிடிவாதமாகத் தேதியைத் தள்ளி வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன நடக்கும்? பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. மூன்று மாதம் முன்னே தள்ளிய சர்வரின் கண்ணுக்கு நேற்று வாங்கிய சான்றிதழ்கூடக் காலாவதியாகத் தெரியலாம். உள்ளே வருபவர் யார் என்று மைன்கிராஃப்டின் தலைமையகத்திடம் சரிபார்க்கும் இணைப்பு அங்கேயே அறுந்துபோகும். 2022இல் வந்த 1.19 பதிப்பிலிருந்து ஒவ்வொரு விளையாட்டுக்காரருக்கும் கையெழுத்துச் சாவி ஒன்று தரப்படுகிறது, அதற்கும் ஆயுள் உண்டு. சர்வரின் தேதி ஓடிப்போய் நின்றால் எல்லார் சாவியும் செத்துப்போனதாகத் தெரியும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அப்போது திரையில் வரும் செய்தியே உங்கள் கணினியின் நேரம் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றுதான் சொல்கிறது. விளையாட்டே கெஞ்சுகிறது, நம் ஆட்கள் கேட்பதில்லை.

சரி, தேதியைத் தொடாமல் அக்டோபர் 31 வரை பொறுமையாகக் காத்திருந்தவர்களும் ஏமாறுகிறார்கள். நள்ளிரவு 12 மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ஒரு பூசணிக்காயும் காணோம், சர்வர் கெட்டுப்போச்சு என்று புலம்புகிறார்கள். கெடவில்லை. பெரும்பாலான வாடகைச் சர்வர்கள் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடுகின்றன. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். சர்வருக்கு அக்டோபர் 31 பிறப்பது நமக்குக் காலை 5:30க்கு, பால் பாக்கெட் வரும் நேரத்தில். முடிவதும் மறுநாள் காலை 5:30க்குத்தான். மாற்ற வேண்டியது தேதியை அல்ல, நேர மண்டலத்தை. ஜாவா தொடங்கும் வரியில் யூசர் டைம்சோன் என்ற அமைப்புக்கு ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்தால் உங்கள் தடுப்புக்குள் மட்டும் இந்திய நேரம் ஓடும். பக்கத்து அறைக்காரருக்குத் தொந்தரவில்லை, சான்றிதழுக்கும் சேதமில்லை. அந்த வரியைத் திறந்துவிட மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு டிக்கெட் போட்டுக் கேளுங்கள், இது நியாயமான கோரிக்கை.

இவ்வளவும் மைன்கிராஃப்டுக்கு. மற்ற விளையாட்டுகள் பலவற்றில் விழாவுக்கும் நாட்காட்டிக்கும் சம்பந்தமே இல்லை, சுவிட்ச் போட்டால் எரியும் விளக்குதான். ஆர்க்: சர்வைவல் இவால்வ்டில் சர்வர் தொடங்கும் வரியில் ஆக்டிவ் ஈவென்ட் என்று போட்டு விழாவின் பெயரை எழுத வேண்டும். வின்டர் வொண்டர்லேண்ட் என்று எழுதினால் கத்திரி வெயிலிலும் பனி விழா நடக்கும். எழுத்துப் பிழை இருந்தால் நடக்காது. எழுதிவிட்டு சர்வரை மறுபடி தொடங்காவிட்டாலும் நடக்காது. 2023 அக்டோபரில் வந்த அதன் புதிய வடிவமான ஆர்க்: சர்வைவல் அசென்டடில் விழாக்கள் மாட்களாக, அதாவது தனிச் சேர்க்கைகளாக வருகின்றன. பழைய வரியை அங்கே எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ரஸ்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரு கட்டளை, ஹாலோவீனுக்கு ஒரு கட்டளை; ட்ரூ என்றால் விழா, ஃபால்ஸ் என்றால் கிடையாது. டோன்ட் ஸ்டார்வ் டுகெதரில் உலக அமைப்புகளிலேயே எந்த விழா வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். டெராரியாவின் பூசணி நிலவு ஹாலோவீன் பண்டிகையே அல்ல. அதற்கான பதக்கம் கையில் இருந்தால் எந்த மாதத்து இரவிலும் அழைக்கலாம்.

மிச்சமிருக்கும் வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை.

"விழா வேணும்னா கம்பெனிக்குத் தனியா காசு கட்டணும்." மேலே சொன்ன விழாக்களைப் போட்டுக்கொள்ள விளையாட்டை உருவாக்கியவர்கள் காசு கேட்பதில்லை. உங்கள் சர்வரில் ஒரு வரி எழுத யாராவது ஈவென்ட் பேக் என்று விலை சொன்னால், நாவலூர் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வசூலே 2023 அக்டோபரில் நின்றுவிட்டது, இதற்கு ஏன் கட்டுகிறீர்கள்?

"விழா முடிஞ்சா உலகமே அழிஞ்சிடும்." ரஸ்டில் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை உலகத்தைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குவார்கள். அது மாதாந்திர ஒட்டடை அடிப்பு, விழா முடிந்ததற்குத் தண்டனை அல்ல. ஆனால் மாட் வழியாக வந்த விழாப் பொருட்கள் மாடை நீக்கினால் போய்விடும். நீக்கும் முன் ஒரு பேக்கப் எடுங்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

"சிறுசேரியிலயே டேட்டா சென்டர் இருக்கு, அங்க சர்வர் எடுத்தா ஈவென்ட் முதல்ல வரும்." பக்கத்தில் இருந்தால் தாமதம் குறையும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் சர்வர் எடுத்தால் தூரம் இங்கிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே ஏறக்குறைய 29 மில்லி விநாடி. பூசணிக்காய்க்கும் அதற்கும் உறவில்லை.

"ராத்திரி பன்னிரண்டுக்கு மேல சர்வர் ஓட்டினா கேஸ் போடுவாங்க." நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை என்று தமிழ்நாடு 2025இல் விதித்தது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு. அந்தப் பண ஆட்டங்களையே பின்னர் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் மொத்தமாகத் தடை செய்தது. பந்தயம் இல்லாத விளையாட்டுக்குச் சந்தா கட்டுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் பிள்ளை விழித்திருந்தால் கேஸ் போட வேண்டியது அம்மாதான். ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன்: விழா வாள், விழாக் கவசம் என்று சக பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு பலம் விற்பது மைன்கிராஃப்டின் விதிப்படி 2014 முதலே கூடாது.

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். ஹாலோவீனுக்கு இத்தனை பாடுபடுகிறீர்களே, பொங்கல் எங்கே? டோன்ட் ஸ்டார்வ் டுகெதரில் சீனப் புத்தாண்டுக்கு விழா இருக்கிறது. யாரோ உட்கார்ந்து செய்தார்கள், அதனால் இருக்கிறது. மைன்கிராஃப்டில் 2018 முதல் டேட்டாபேக் என்ற வசதி உண்டு. கட்டளைகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளில் எழுதி உலகத்தின் கோப்புறைக்குள் போட்டால் போதும், வாடகைச் சர்வரிலும் ஓடும். விளையாடுபவர்கள் எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. கரும்பு அதில் ஏற்கனவே இருக்கிறது. மாடு இருக்கிறது, பால் கறக்கலாம். 2023இல் பானையும் வந்துவிட்டது. அடுப்புக்கு விறகுத் தீ இருக்கிறது. அரிசி மட்டும் இல்லை.

போன தை மாதம் பையன்களை உட்காரவைத்து இதைச் செய்தோம். அரிசிக்குப் பதில் கோதுமையை வைத்துச் சமாளித்தோம். பானைக்குப் பக்கத்தில் யாராவது பால் வாளியோடு நின்றால் திரை நடுவில் பொங்கலோ பொங்கல் என்று வரும். ஜல்லிக்கட்டும் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். காளை இல்லை, ராவேஜர் என்ற கொம்பு வைத்த மிருகத்தை இறக்கினோம். அது வயல் முழுவதையும் மிதித்து நாசமாக்கியது. பேக்கப் எடுத்திருந்தேன்.

அதில் ஒரு பையன் தேதியை ஜனவரி 14 என்று நேரடியாக எழுதப் பார்த்தான். பிடித்துக்கொண்டேன். சூரியன் மகரத்துக்குள் நுழையும் நேரத்தைப் பொறுத்தது பொங்கல். 2024இல் 15ஆம் தேதி வந்தது, 2025இல் 14, 2026இல் மறுபடி 15. அதனால் எங்கள் பொங்கல் தேதியைப் பார்ப்பதில்லை. ஒரு கட்டளை போட்டால் தொடங்கும், இன்னொன்று போட்டால் முடியும். போகிக்கு மறுநாள் காலையில் யார் முதலில் எழுகிறானோ அவன் போடுவான்.

கோப்பு வேண்டுபவர்கள் பென் டிரைவோடு வரலாம், இலவசம். தேதியை மாற்றச் சொல்லி வருபவர்களுக்கு ஒரு டம்ளர் மோர் தருவேன், அதோடு சரி.