கடல் மீன் தொட்டி: மறுபடியும் வைக்க நினைப்போர் கவனத்திற்கு



கடைப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்ட உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் என்னிடம், "அண்ணாச்சி, அந்தக் காலத்தில் கடல் மீன் தொட்டி வைத்திருந்தீர்களே, இப்போது மறுபடி வைப்பதென்றால் எதை வாங்குவது?" என்று கேட்டார்கள். நானும் அதே யோசனையில் இருப்பதால், விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் பழைய தவறு. 1994-ல் தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றிப்போன வண்டி திரும்பும்போது கேன்களில் கடல் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, மூன்றடித் தொட்டியில் ஊற்றி மீன் விட்டேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. குறைந்த அளவுக்குக் குடோனில் இருந்த கல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். பத்து நாளில் எல்லா மீனும் போய்விட்டது.

அதில் இரண்டு பிழைகள். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கரிப்பு ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது, நாம் மூட்டையில் விற்கும் உப்பு கடலின் ஒரு பகுதிதான். உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். பாத்தியில் முதலில் ஜிப்சம் படியும், பிறகு உப்பு விளையும், மக்னீசியம் முதலானவை கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருப்பது சுமார் 35 கிராம். அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் சாப்பாட்டு உப்பு. மற்றவை இல்லாமல் கடல் மீன் வெகுநாள் தாங்காது. எனவே மீன் தொட்டிக்கென்றே தயாரித்து விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்குங்கள். கரையோரத் தண்ணீரில் துறைமுக எண்ணெயும் மழை நீரும் கலந்திருக்கக்கூடும். அதை நம்பி இறங்க வேண்டாம்.

தொட்டியின் அளவுக்கு வருவோம். சிறிய தொட்டி செலவு குறைவென்று தோன்றும். ஆனால் தண்ணீர் குறையக் குறைய, சூடும் கரிப்பும் சீக்கிரம் மாறும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி, சுமார் 255 லிட்டர். மணல், கல் போக 220 லிட்டர் நிற்கும். முதல் தடவைக்கு 8 கிலோ கலவை ஆகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் வருஷத்துக்கு இன்னும் சுமார் 20 கிலோ வேண்டும். தொட்டி வாங்கும் முதலை மட்டும் பார்க்காமல் இந்த வருஷச் செலவையும் கரண்டு பில்லையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கண்ணாடி, மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். சாதாரண மேஜை போதாது. இரும்பு ஸ்டாண்டு என்றால் நல்ல பெயிண்டு அடியுங்கள், உப்பு அரித்துவிடும்.

தண்ணீருக்கு நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் ஒத்துவராது. ஆர்.ஓ. தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஆர்.ஓ. எடுக்க இரண்டு மூன்று லிட்டர் கழிவாகும். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் குடத்துத் தண்ணீருக்கு நிற்பவர்கள் இருக்கும்போது அதைச் சாக்கடையில் விட மனம் வராது. என் வீட்டில் அதை வாளியில் பிடித்துத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது சூடு. இந்த மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி வரை இதம். வெளியே 40 டிகிரி அடிக்கும் ஊரில் சில்லர் மெஷின் இல்லாமல் முடியாது என்கிறார் கடைக்காரர். ஆனால் நம் காற்று வறண்டது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, தொட்டியின் மேல்பரப்பில் சிறிய ஃபேன் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஈரக்காற்றுள்ள கடற்கரை ஊர்களில் இது இவ்வளவு பலிக்காது. பதிலுக்குத் தினமும் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகும், காலையில் கடை திறப்பதுபோல மறக்காமல் ஊற்ற வேண்டும். பவளம் வளர்ப்பதென்றால் ஃபேன் போதாது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாக் கடலிலேயே சூடு தாங்காமல் பவளங்கள் வெளுத்தன.

பவளம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது பவளத் துண்டை அழகுக்கு வாங்கிப் போட்டோம். 2001-ல் பவளமும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடைக்குள் வைத்திருப்பது வியாபாரியின் பெயருக்கே கேடு. செயற்கைக் கல்லே போதும். மீனும் அப்படித்தான். மண்டபம் முதலான இடங்களில் நிலையங்கள் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிட அது தொட்டிக்கும் தீனிக்கும் பழகியது.

கருவிகளில், மணலுக்கடியில் வைத்த பழைய ஃபில்டர் தட்டை விட்டுவிடலாம். புரோட்டீன் ஸ்கிம்மர் அவசியம். வெல்லம் காய்ச்சும்போது அழுக்கு நுரையாக மேலே வருமே, அதே வேலையைக் காற்றுக் குமிழியால் செய்கிறது. கரிப்பு பார்க்க மிதவைக் கருவியைவிட ரிஃப்ராக்டோமீட்டர் துல்லியம். ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும். கரண்டு போனால் ஓடும் பேட்டரி ஏர் பம்பு ஒன்றும் கட்டாயம். 2012-ன் மின்வெட்டை யார் மறக்க முடியும்?

தொட்டியைப் பலசரக்குக் கடையில் வைக்க வேண்டாம். மிளகாய்த் தூள், சாம்பிராணிப் புகை, பூச்சி மருந்து எல்லாவற்றையும் ஏர் பம்பு இழுத்துத் தண்ணீருக்குள் விடும். வீட்டு நடுக்கூடம், வெயில் படாத சுவர் ஓரம் நல்லது.

எல்லாம் பொருத்தியதும் மீன் விட்டுவிடாதீர்கள். மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை துளித் துளியாகத் தீனி மட்டும் போட்டு, சோதனை மருந்தால் பார்த்துவர வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு இரண்டே மீன், அடுத்தவை மாதம் கழித்து.

என் தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஐந்தாவது வாரம் நடக்கிறது. நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. பேரன் தினமும் மீன் எங்கே என்று கேட்கிறான்.