காடு முதலில், விருந்தினர் பிறகு

மதுரை மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில் உள்ள டி. கல்லுப்பட்டி வட்டாரம் பெரும்பாலும் மானாவாரியை நம்பியுள்ள கரிசல் பூமியாகும். பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு ஆகியவை இங்குள்ள முக்கியப் பயிர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை கை கொடுத்தால் விளைச்சல் வீடு வந்து சேரும். மழை பொய்த்தாலோ, குடும்பத்தில் ஒருவர் வெளியூருக்கு வேலை தேடிப் போக வேண்டியதாகிவிடும். ஆகவே, சிறு விவசாயிக்கு வயலுக்கு வெளியே ஒரு துணை வருமானம் தேவை என்பதில் ஐயமில்லை.

அழிந்துபோன காட்டை மீட்டு, அதைக் காண வருவோர் மூலம் ஊருக்கு வருவாய் தேடும் முறை இப்பொழுது பல நாடுகளில் பரவி வருகிறது. முன்னதைக் 'கானகம் மீட்டல்' என்றும், பின்னதைச் 'சூழல் சுற்றுலா' என்றும் கூறலாம். இது கரிசல் கிராமங்களுக்குப் பொருந்துமா? பொருந்தும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காட்டினால் கிடைக்கும் முதல் ஆதாயம் தண்ணீர்தான். சுற்றுலாப் பணம் அதற்கு அடுத்ததே. இந்த வரிசையை மாற்றினால் காடும் கெடும், வருமானமும் நிற்காது.

கானகம் மீட்டல் என்றால் என்ன?

ஒரே மரத்தை வரிசையாக நட்டுத் தோப்பு வைப்பது கானகம் மீட்டல் ஆகாது. வெட்டு, மேய்ச்சல், தீ ஆகிய மூன்றிலிருந்தும் ஓர் இடத்தைச் சில ஆண்டுகள் காப்பாற்றினால், மண்ணுக்குள் உயிரோடு இருக்கும் பழைய வேர்களும் தூர்களும் தாமே துளிர்க்கும். பறவைகள் பழங்களைத் தின்று விதைகளைக் கொண்டுவந்து போடும். இயற்கையாக வராத இனங்களை மட்டும் மனிதர் விதைத்தால் போதும்.

இதற்குப் பட்டா நிலத்தைத் தொட வேண்டியதே இல்லை. மேய்ச்சல் புறம்போக்கு, ஓடைக்கரை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரம், கோயில் காடு, கரட்டு அடிவாரம் ஆகியவையே இதற்கு ஏற்ற இடங்கள். இவற்றுள் பல இன்று சீமைக்கருவேல் புதராகக் கிடக்கின்றன.

பத்து ஏக்கர் கரட்டு நிலத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் அங்கு விழும் நீர் சுமார் 10 லட்சம் லிட்டர். மொட்டைத் தரையாக இருந்தால் அதில் பெரும்பகுதி மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிக் கண்மாயைத் தூர்க்கும். புல்லும் புதரும் சருகும் மூடிய தரையானால், ஓடும் நீர் மெதுவாகும். ஒரு பகுதி நிலத்தினுள் இறங்கும். கீழே உள்ள கிணறுகளில் ஊற்று சில வாரங்கள் கூடுதலாக நின்றாலும் ஒரு தண்ணீர் பயிரைக் காப்பாற்றிவிடும். சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வராத ஆண்டிலும் இந்த ஆதாயம் ஊரை விட்டுப் போகாது.

அரிட்டாபட்டி தரும் பாடம்

இதே மாவட்டத்திலுள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் பரப்பை, அதாவது ஏறத்தாழ 478 ஏக்கரை, தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே. ஏழு குன்றுகளும், அவற்றைச் சார்ந்து 72 ஏரி குளங்களும், சுமார் 200 சுனைகளும், 3 தடுப்பணைகளும் அங்கு உள்ளன. லகர் வல்லூறு உட்பட ஏறத்தாழ 250 பறவை இனங்கள் காணப்படுகின்றன. தேவாங்கு, அலங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் வாழ்கின்றன. சமணர் படுக்கைகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும், குடைவரைக் கோயிலும் இருப்பதால் கற்றறிந்தவர்களும் மாணவர்களும் அங்கு வருகின்றனர்.

விவசாயிகள் இதில் கவனிக்க வேண்டியது, குன்றுக்கும் குளத்துக்கும் உள்ள தொடர்பாகும். குன்றில் விழும் மழையே சுனைகளுக்கும் குளங்களுக்கும் வந்து சேர்கிறது; குளத்தின் கீழே நெல் விளைகிறது. பறவை பார்க்க வருபவர் காணும் அழகும், மடையில் வரும் தண்ணீரும் ஒரே குன்றின் கொடையாகும்.

2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கான ஏலத்தின் முடிவு வெளியாயிற்று. சுற்றுவட்டார விவசாயிகள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தனர். 2025 ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஊரில் என்னென்ன உள்ளன என்பது முன்கூட்டியே கணக்கெடுத்து அறிவிக்கப்பட்டிருந்தது, மக்களின் வாதத்திற்கு வலுவான ஆதாரமாக அமைந்தது.

'இப்படி அறிவித்தால் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளுமோ?' என்ற அச்சம் பலருக்கு உண்டு. உயிரியல் பன்மைச் சட்டம் 2002-இன்படி அறிவிக்கப்படும் பாரம்பரியத் தலங்களில், ஊரார் தாமாக முன்வந்து ஏற்கும் கட்டுப்பாடுகளைத் தவிர, அவர்களுடைய வழக்கமான பயன்பாட்டுக்குத் தடை விதிக்கக் கூடாது என்பதே மத்திய வழிகாட்டு நெறியாகும். சரணாலயம் வேறு, பாரம்பரியத் தலம் வேறு என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பறவைக்காக வெடியை விட்ட ஊர்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டன. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சி ஓடாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவைகளின் எச்சம் கண்மாய் நீரில் கலந்து பாசன நிலத்துக்கு உரமாகிறது. பறவையால் வரும் ஆதாயம் பார்வையாளர் கட்டணத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தேக்கடியில் நடந்தது வேறு வகை. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த இருபதுக்கும் மேற்பட்டோர், 1998-இல் ஒரு குழுவாகச் சேர்க்கப்பட்டனர். காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்த அவர்களே பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலராகவும் ஆயினர். காட்டைக் காப்பதில் உள்ளூரார்க்கு வருமானம் இருந்தால், காவலுக்கு வெளியாள் தேவையில்லை என்பதே இதிலிருந்து அறிய வேண்டியது.

அயல்நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிகாவில் 1980-களில் நாட்டின் பரப்பில் கால் பங்கு அளவுக்குக் குறைந்துபோன காடு, இன்று பாதிக்கு மேல் உள்ளது. சுற்றுலாவால் மட்டும் இது நிகழவில்லை. 1996-இல் இயற்றிய வனச் சட்டத்தின்படி, எரிபொருள் வரியில் ஒரு பகுதியிலிருந்து, தம் நிலத்தில் காட்டைக் காக்கும் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது.

கூட்டம் வேறு, வருமானம் வேறு

கல்லுப்பட்டி வட்டாரத்திற்கு மேற்கே, பேரையூர், சாப்டூரைத் தாண்டினால் மேற்குத் தொடர்ச்சி மலை தொடங்குகிறது. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காக அமைக்கப்பட்ட சரணாலயம் அங்கு உள்ளது. 2021-இல் அது மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரிக்கு ஆயிரக்கணக்கான பக்தர்கள் செல்கின்றனர்.

ஆனால் வழியோடு போகும் கூட்டத்தால் மட்டும் கிராமங்களுக்கு வருவாய் கிடைத்துவிடாது. வந்தவர் சற்று நின்று, உள்ளூரில் உண்டு, உள்ளூர்ப் பொருளை வாங்கினால்தான் காசு ஊரில் தங்கும். இல்லையெனில் எஞ்சுவது பிளாஸ்டிக் குப்பைதான். எனவே பெருங்கூட்டத்தை எதிர்பார்க்காமல், பறவை பார்ப்போர், பள்ளி மாணவர், நகரத்துக் குடும்பங்கள் என்று சிறு குழுக்களை வரவழைப்பதே சிறந்தது.

இதில் கிடைக்கக்கூடியது எவ்வளவு? உதாரணமாக ஒரு கணக்குப் பார்க்கலாம். கார்த்திகை முதல் பங்குனி வரை 20 வாரங்களுக்கு, வாரம் 20 பேர் வருவதாகவும், சாப்பாடு, வழிகாட்டிக் கட்டணம் சேர்த்து ஒருவர் ரூ.300 கொடுப்பதாகவும் கொள்வோம். மொத்த வரவு ரூ.1,20,000. சமைப்போர், வழிகாட்டுவோர் கூலிக்கும் சாமானுக்கும் பாதி போனால் மீதி ரூ.60,000. இதை 60 குடும்பங்களுக்குப் பங்கிட்டால் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.1,000 மட்டுமே. யாருடைய கஷ்டமும் இதனால் தீராது. ஆனால் அதே ரூ.60,000-ஐப் பொதுநிதியாக வைத்தால், ஒரு பகுதி நேரக் காவலாளுக்கு மாதம் ரூ.5,000 வீதம் ஓராண்டுச் சம்பளம் ஆகும். காவல் இருந்தால் காடு நிற்கும். காடு நின்றால் கண்மாயில் தண்ணீர் நிற்கும். சுற்றுலாப் பணத்தின் சரியான உபயோகம் இதுவேயாகும்.

ஆடும் பன்றியும்

புறம்போக்கை ஒரேயடியாக அடைத்தால் முதலில் பாதிக்கப்படுபவர் ஆடு மேய்ப்பவரே. அவருக்கு நிலமும் இருக்காது. ஆகவே மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூன்று ஆண்டுகள் மூடி, மற்ற இரு பங்கை மேய்ச்சலுக்கு விட வேண்டும். மூடிய பகுதியில் புல்லை அறுத்துச் செல்ல அனுமதிக்கலாம். செடிகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்த பின் அடுத்த பங்கை மூடலாம். சீமைக்கருவேல் வெட்டிப் பிழைப்போருக்கும் இதே முறையில் பகுதி பகுதியாக வேலை கொடுக்க வேண்டும்.

காடு வந்தால் காட்டுப்பன்றியும் வரும் என்பது நியாயமான கவலை. ஆனால் வயல் ஓரத்துச் சீமைக்கருவேல் புதர்களே இன்று பன்றிகளுக்குப் புகலிடமாக உள்ளன. வயலை ஒட்டி அடர்ந்த புதர் இல்லாத திறந்த இடைவெளி விடுவது நல்லது. மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கை நெருக்கமாக நான்கு வரிசை விதைக்கலாம். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். மனித உயிரையும் அது பறித்துவிடும். 2025 தொடக்கத்தில் வெளியான அரசாணைப்படி, காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடப்படும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் உடனே மனுக் கொடுக்க வேண்டும். பொதுநிதியில் ஒரு பகுதியை இவ்வாறு நஷ்டப்பட்டவர்களுக்கு ஒதுக்குவதும் முறையாகும்.

செய்ய வேண்டியவை

1. கிராம சபையைக் கூட்டி, 5 முதல் 10 ஏக்கர் வரையிலான ஓர் இடத்தை மட்டும் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்மாய், ஓடை, புறம்போக்கு எதுவாயினும் உரிய துறையின் எழுத்துமூல அனுமதி அவசியம்.

2. ஊராட்சியின் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழுவைச் செயல்பட வைத்து, ஊரிலுள்ள மரம், செடி, பறவை, சுனை, பாரம்பரிய விதை ஆகியவற்றை மக்கள் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆடு மேய்ப்பவரும் வைத்தியம் தெரிந்த முதியவர்களும் இதில் அவசியம் இருக்க வேண்டும்.

3. சீமைக்கருவேலை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேர்த்தூருடன் பிடுங்க வேண்டும். அதன் நெற்றைத் தின்ற ஆடுகளை மீட்கும் இடத்தில் அடைக்கக் கூடாது. சாணப் புழுக்கையில் விதை வந்து முளைக்கும்.

4. கரிசலுக்கு நாட்டுக் கருவேல், வெள்வேல், வேம்பு, விடத்தலை, இலந்தை, பனை ஆகியவை ஏற்றவை. கரட்டுக்கு உசிலை, ஆத்தி, கிலுவை, ஆவாரை ஆகியவற்றையும், கண்மாய்க் கரைக்கு மருது, நாவல், புங்கன், இலுப்பை ஆகியவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். மரங்களுக்கிடையே கொழுக்கட்டைப் புல்லைத் தூவலாம்.

5. கருவேல், வெள்வேல் விதைகளைக் கொதிக்கவைத்து இறக்கிய நீரில் ஓர் இரவு ஊறவைத்து, புரட்டாசி இறுதியில் விதைக்க வேண்டும். வேப்ப விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும்; பழுத்து விழுந்தவுடன் விதைப்பது நல்லது. சரிவில் பிறை வடிவ வரப்புகள் அமைத்தால் மழைநீர் செடியடியில் தங்கும்.

6. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே விருந்தினரை அழைக்க வேண்டும். கட்டடம் வேண்டாம். குதிரைவாலிச் சோறும் கீரைக் குழம்பும், வழிகாட்ட இரண்டு இளைஞர்களும், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லும் கட்டுப்பாடும் போதும். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் கூடுகளுக்கு அருகே எவரையும் விடக் கூடாது. வரவு செலவைக் கிராம சபையில் படிக்க வேண்டும்.

பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதிக் காலத்தில் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில்தான் வாழ்ந்தார். இயற்கையின் இருப்பை எடுத்துத் தீர்ப்பது ஒரு வாழ்க்கை முறை, அது ஆண்டுதோறும் தரும் வரவைக் கொண்டு வாழ்வது மற்றொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். கரட்டின் மரமும் மண்ணும் இருப்பு. கிணற்றின் ஊற்றும், புல்லும், விருந்தினர் தரும் பணமும் வரவு. ஏழூர் ஒன்றுகூடி முத்தாலம்மனுக்குச் சப்பரம் எடுக்கும் வட்டாரத்தில், பத்து ஏக்கர் புறம்போக்கை ஒன்றுகூடிக் காப்பது இயலாத காரியமன்று. வருகிற புரட்டாசிக்கு முன்பே இடத்தைத் தேர்ந்து, விதையைச் சேர்த்து வைக்கும் கிராமங்கள் அடுத்த மழையின் பயனை முழுமையாக அடையலாம்.