‘ஐ’ டிவி என்று ஒன்று இன்று கடையில் இல்லை

கேள்வி: 43 இன்ச் டிவி வாங்கக் கடைக்குப் போனோம். “1080 ‘பி’ போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ‘ஐ’ என்றால் பாதிப் படம்தான்” என்றார் கடைக்காரர். ஆனால் எங்கள் செட்-டாப் பாக்ஸ் செட்டிங்கிலேயே 1080 ‘ஐ’ என்றுதான் இருக்கிறது. பார்ப்பதெல்லாம் நியூஸ், கிரிக்கெட், ராத்திரியில் ஒரு சினிமா. ‘பி’ டிவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ‘பி’ என்ற எழுத்துக்காகத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இன்று ஷோரூமில் இருக்கும் எல்இடி, ஓஎல்இடி எல்லாமே ப்ரோக்ரஸிவ்தான், அதாவது ஒவ்வொரு முறையும் எல்லா வரிகளையும் சேர்த்து முழுப் படமாகக் காட்டுபவை. ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை என்று மாற்றி மாற்றி வரையும் இன்டர்லேஸ் முறை பிக்சர் டியூபோடு போய்விட்டது. இன்று ‘ஐ’ உங்கள் வீட்டுக்குள் நுழைவது சேனல் வழியாக. நம் எச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080 ‘ஐ’யில்தான் ஒளிபரப்பாகின்றன. எந்த டிவி வாங்கினாலும் அது மாறாது. வருகிற பாதிப் படங்களை உங்கள் டிவி எவ்வளவு நன்றாக முழுப் படமாக்குகிறது என்பதில்தான் ஒரு டிவிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

பாதிப் படம் அனுப்பும் வழக்கம் கஞ்சத்தனத்தில் பிறந்தது, ஆனால் புத்திசாலித்தனமான கஞ்சத்தனம். நொடிக்கு 25 படம் மட்டும் காட்டினால் டியூபில் திரை மினுக்கும், கண் கூசும். 50 முழுப் படம் அனுப்பலாம் என்றால் அலைவரிசையில் இரண்டு பங்கு இடம் வேண்டும். அதனால் 50 பாதிப் படங்களை அனுப்பி மினுக்கலைத் தவிர்த்தார்கள். 1936இல் லண்டனில் பிபிசி 405 வரிகளில் இப்படித்தான் ஒளிபரப்பியது, நம் தூர்தர்ஷனின் 625 வரியும் இதே வழிதான். எச்டி வந்தபோதும் கணக்கு மாறவில்லை. 1080 ‘ஐ’யில் 540 வரிகள் நொடிக்கு 50 முறை போகின்றன, மொத்தம் சுமார் 5.2 கோடிப் புள்ளிகள். அதையே 50 முழுப் படமாக அனுப்பினால் 10.4 கோடி. சாட்டிலைட்டில் இடம் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் கடைக்காரர் சொன்ன ‘பாதி’ சரிதானே என்று கேட்கலாம். திரையில் எது அசைகிறதோ அங்கே மட்டும் சரி. அசையாத காட்சியில் இரண்டு பாதிகளையும் கோத்தால் 1080 வரிகளும் அப்படியே கிடைத்துவிடும். சினிமாவிலும் நஷ்டமில்லை. நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை 25ஆகச் சற்று வேகமாக ஓட்டி அனுப்பும்போது, இரண்டு பாதிகளும் ஒரே ஃப்ரேமிலிருந்தே எடுக்கப்படுகின்றன. டிவி அதைக் கண்டுகொண்டால் முழு ஃப்ரேமும் திரும்பக் கிடைக்கும். கிரிக்கெட் அப்படியல்ல. ஒரு பாதிக்கும் அடுத்த பாதிக்கும் நடுவில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போய்விடுகிறது, அதற்குள் மட்டை நகர்ந்திருக்கும். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கோத்தால் மட்டையின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். ஒரு பாதியை மட்டும் வைத்து மீதி வரிகளை ஊகித்தால் பல் மறையும், ஆனால் நுணுக்கம் 540 வரிக்கு இறங்கும், ஸ்கோர் பட்டையின் மெல்லிய கிடைக்கோடுகள் மேலும் கீழும் துடிக்கும். நல்ல ப்ராசஸர் திரையை இடம் இடமாகப் பார்த்து, அசையாத புல்தரையைக் கோத்து, ஓடும் பந்தை மட்டும் ஊகித்து நிரப்புகிறது. கூடுதல் பணத்துக்கு ஏதாவது நியாயம் இருந்தால் இதில்தான்.

பாக்ஸ் செட்டிங்கை 1080 ‘பி’ ஆக்கிவிட்டால் போதாதா? சில பாக்ஸ்களில் அந்த வசதி உண்டு. ஆனால் அப்போதும் சேனல் மாறுவதில்லை, மாற்றும் வேலை டிவியிடமிருந்து பாக்ஸுக்குப் போகிறது, அவ்வளவுதான். பாக்ஸின் சிப் டிவியுடையதைவிடச் சுமாராக இருந்தால் படம் கெடவும் செய்யும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். விளையாட்டுக்கு வரி குறைந்தாலும் முழுப் படமே மேல் என்ற கட்சியும் உண்டு. அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன் 720 ‘பி’யைத் தேர்ந்தெடுத்தது, ஐரோப்பிய ஒளிபரப்பாளர் கூட்டமைப்பும் 2004இல் அதையே பரிந்துரைத்தது. 2012இல் வந்த அல்ட்ரா எச்டி சர்வதேசத் தரத்தில் இன்டர்லேஸுக்கு இடமே இல்லை, ஓடிடியில் வருவதும் ‘பி’தான். ஓடிடி மட்டுமே பார்க்கும் வீடென்றால் இந்தக் கவலையே வேண்டாம். உங்கள் வீடு அப்படியில்லையே.

கடையில் பென்டிரைவிலிருந்து ஓடும் 4கே டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது முதலிலிருந்தே ‘பி’, அதில் எல்லா டிவியும் அழகுதான். டிடிஎச் இணைப்பில் ஒரு எச்டி நியூஸ் சேனலைப் போடச் சொல்லுங்கள், பாக்ஸ் 1080 ‘ஐ’யில் இருக்கட்டும். கீழே ஓடும் செய்திப் பட்டையில் ‘ப’, ‘ட’ போன்ற எழுத்துகளின் நெட்டுக்கோடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓடும்போதும் கோடு கோடாகவே நின்றால் நல்லது, ஓரம் பிசிறினால் யோசியுங்கள். பிறகு மேட்ச் ஏதாவது ஓடினால் கேமரா பந்தைத் துரத்தும் நேரத்தில் பவுண்டரி கயிற்றைக் கவனியுங்கள். இரண்டு டிவியும் இதில் ஒன்றுபோலவே இருந்தால் விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.